பேட்டரிக்காரம்மாவின் கோபம்

"கையப் பின்னால கட்டுங்கண்ணா!"

வண்டியின் பானெட்டைத் தூக்கியதும் பேட்டரிக்காரம்மா சொல்லும் முதல் வார்த்தை இதுதான். வாங்க, உக்காருங்க, என்ன ரிப்பேரு என்பதெல்லாம் அதற்கப்புறம். வண்டிக்குச் சொந்தக்காரர் எவராக இருந்தாலும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டு மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். தாலுகா ஆபீஸ்காரர் நின்றிருக்கிறார். ரைஸ்மில் முதலாளி நின்றிருக்கிறார். நானும் நின்றிருக்கிறேன், நாற்பத்தெட்டு வயதில், தொப்பை முன்னால் போக, கை பின்னால் எட்டாமல்.

காரிமங்கலத்திலிருந்து மொரப்பூர் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. பெயர்ப் பலகையில் இருந்தது அவருடைய கணவரின் பெயர். இவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. பேட்டரிக்காரம்மா என்றால் மாவட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். நாற்பது வயது இருக்கலாம். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, கண்ணை முழுக்க மூடுகிற பிளாஸ்டிக் கண்ணாடி, அது நழுவாமல் இருக்கப் பின்னந்தலையில் ஒரு ரப்பர் பட்டை. ஆசிட் தெறித்துத் தெறித்துப் புடவையின் ஓரமெல்லாம் சல்லடை.

திட்டுவார். எந்நேரமும் திட்டுவார். ஆனால் 'ங்க' போடாமல் திட்டியதே இல்லை. மரியாதை ஒரு சொட்டுக் குறையாது, மானம் மட்டும் மொத்தமாகப் போகும்.

"மூள இருக்குதுங்களாண்ணா உங்களுக்கு? இருந்தா அதையும் கழட்டி வெச்சிட்டுப் போங்க. சாயந்தரத்துக்குள்ள ஒருவாட்டி சார்ஜ் ஏத்திக் குடுக்கறன்."

இது என்னிடம் சொன்னது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எனக்கு, ஒரு நாளைக்கு நூறு பேரைக் கிண்டல் செய்வதுதான் நிஜமான தொழில். ஜெராக்ஸ் சும்மா பெயருக்கு. அப்படிப்பட்டவனே வாங்கிக் கட்டிக்கொண்டேன். செய்த காரியம் அப்படி. முதல்முறை அவர் கடைக்குப் போனபோது, பேட்டரி முனையில் படிந்திருந்த வெள்ளைப் பொடியை நானே சுரண்டி உதவலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன். அது இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டுவிட்டது. பட்டென்று நீலமாக ஒரு பொறி. ஸ்பேனரின் நுனியில் ஒரு மிளகு அளவு இரும்பைக் காணோம். நான் இரண்டு தப்படி பின்னால் குதித்து, அங்கே இருந்த பக்கெட்டில் கால் வைத்து, தண்ணீரோடு உட்கார்ந்தேன்.

"மோதரத்தக் கழட்டுங்க."

"எதுக்கும்மா?"

"ஸ்பேனருக்குப் பதிலா மோதரம் பட்டிருந்தா, இந்நேரம் வெரலக் கீழ தேடிக்கினு இருப்பீங்க. கழட்டுங்க."

கழட்ட முடியவில்லை. கல்யாணத்தன்று போட்ட மோதிரம். அதற்கப்புறம் என் விரல் வளர்ந்துவிட்டது, மோதிரம் வளரவில்லை. சோப்புப் போட்டும் வரவில்லை. கடைசியில் கருப்பு டேப்பை எடுத்து, விரல் முழுக்கச் சுற்றிவிட்டார். இரண்டு நாள் அந்த டேப்போடு சுற்றினேன். அடிபட்டதா என்று கேட்டவர்களிடமெல்லாம் கல்யாணத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். கடைக்குப் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்திருப்பார். இந்தத் தொழிலில் கெட்டிக்காரர். ஒரு நாள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரியின் மேல் குனிந்தபடியே பீடி பற்ற வைத்தார். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஒரு வாயு வரும்; கண்ணுக்குத் தெரியாது, நெருப்புக்குத் தெரியும். வெடித்தது. இரண்டு கண்ணும் போய்விட்டது. வைத்தியம் முடிந்து வந்த பத்தாவது நாள் பேட்டரிக்காரம்மா ஷட்டரைத் தூக்கினார். கணவர் உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல இவர் கையால் செய்து கற்றுக்கொண்டார்.

புதிதாக வருகிற ஆட்கள் வாசலில் நின்று, "ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்பார்கள். அதற்கு அவருக்குக் கோபமே வராது. "சொல்லுங்க, நாந்தான் பாப்பேன்" என்று முடித்துவிடுவார். அவரைப் பற்றி யார் என்ன பேசினாலும் காதில் விழாத மாதிரி இருப்பார். பேட்டரி பக்கம் அவசரக்காரன் எவனாவது வந்தால்தான் அந்தக் குரல் எழும்பும்.

ஒருமுறை வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், காதில் போனும் வாயில் சிகரெட்டுமாக, சார்ஜ் போட்ட பேட்டரிகள் வரிசையாக இருக்கிற பலகைப் பக்கமாக நடந்தார். "சிகரெட்ட வெளிய போட்டுட்டு வாங்க" என்று ஒரு தடவை சொன்னார் பேட்டரிக்காரம்மா. அந்த ஆள் கையைக் காட்டி, ஒரு நிமிஷம் என்று சைகை செய்துவிட்டு இன்னும் ஓரடி வைத்தார். அரை பக்கெட் தண்ணீர் அவர் முகத்தில் வந்து விழுந்தது. சிகரெட் அணைந்தது, போனும் அணைந்தது.

"நான் யாரு தெரியுமா?" என்று அவர் கத்தினார்.

"நீங்க யாராயிருந்தாலும் ரெண்டு கண்ணுதாங்கண்ணா. சட்ட காஞ்சிரும். கண்ணு போனா வராது."

அந்த ஆள் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தார். அப்புறம் அவருடைய எல்லா வண்டிகளும் அந்தக் கடைக்குத்தான் வந்தன.

இப்போது அந்தக் கடை அங்கே இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு காலை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. யார் மேல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அது. என் மகள் நர்சிங் முடித்து, முதல் வேலை வளைகுடாவில் கிடைத்து, அன்றைக்குப் புறப்படுகிறாள். மாலை விமானம். நான்கு மணிக்குள் சென்னை விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அதற்கு மொரப்பூரில் ஒன்பது மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும். பூஜை விடுமுறை முடிந்து ஊர் திரும்புகிற கூட்டத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. ரயிலை விட்டால் விமானம் போச்சு. விமானம் போனால், அவளோடு சேர்த்து எடுத்திருந்த மற்ற முப்பது பேரும் இவளை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவள் இடத்துக்கு வேறொருத்தி வருவாள். இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை.

முதல் நாள் சாயந்தரம் எங்கள் காருக்குத் தடபுடலாகப் பூஜை போட்டோம். வருஷம் முழுக்கப் பானெட்டைத் தூக்காதவன், அன்றைக்குத் தூக்கி எஞ்சின், பேட்டரி, தண்ணீர் டப்பா என்று ஒன்று விடாமல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். போட்டோவில் பளிச்சென்று தெரியவேண்டும் என்று எல்லா விளக்கையும் போட்டேன். நான்கு கதவையும் திறந்துவைத்துப் பக்திப் பாட்டு ஓடவிட்டேன். பாட்டை நிறுத்தினேன். விளக்கை நிறுத்தினேனா என்றால், முன்னால் இருக்கிற பெரிய விளக்கை நிறுத்தினேன். சின்ன விளக்குகள் சாமிக்கு விடிய விடியக் காவல் இருந்திருக்கின்றன.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பூஜையில் வைத்த வண்டியும் சாமானும் மறுநாள் மறுபூஜை ஆகாமல் எடுக்கக் கூடாது. பயணம் இருந்ததால் எங்கள் வண்டிக்கு மட்டும் விடியற்காலையிலேயே மறுபூஜை முடித்துவிட்டோம். சூடம் காட்டினோம், பூசணிக்காய் உடைத்தோம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஏழே கால் மணிக்குத் திருப்பினேன். டிக் என்றுகூடச் சத்தம் வரவில்லை.

நான் பதறவில்லை. பதறாமல் பதினொரு தடவை சாவியைத் திருப்பினேன். பதறாமல் ஸ்டியரிங்கை அடித்தேன். ஹாரனை அழுத்தினேன்; அதுவும் மௌன விரதம். இறங்கிப்போய் பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தேன். எதற்குத் துடைத்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். சும்மா நிற்கக் கூடாது என்று ஏதோ ஒன்றைச் செய்தேன்.

மொரப்பூர் டவுன் பஸ் ஏழு மணிக்கே போயிருந்தது. போன் செய்த இரண்டு டாக்ஸிக்காரர்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "மறுபூஜ ஆவாம வண்டி எடுக்க மாட்டம் சார். பன்னண்டு மணிக்கு மேல கூப்புடுங்க." எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரின் கார் என் காருக்குப் பக்கத்திலேயே நின்றது. அவரிடம் ஓடினேன்.

"எஞ்சின வேணா போடறன். சக்கரம் உருளக் கூடாது. எங்க வூட்டுல பன்னண்டு மணிக்குத்தான் மறுபூஜ" என்றார் வாத்தியார்.

வழியனுப்ப என் பெரியக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். மாமா லாரிக்காரர். "எதுக்குடா பயப்படற? எம் லாரி தெருமுனையில நிக்குது, மறுபூஜ ஆயிருச்சு. லோடு ஏத்துன வண்டி, ஒன்பது மணிக்கு மொரப்பூர் போயிச் சேராது. ரெண்டு ஒயரப் போட்டுப் பத்த வெச்சா ஒரே நிமிஷத்துல பறக்கும்" என்று கிளம்பினார்.

மகள்தான், "அப்பா, யாரும் எதையும் தொடாதீங்க. பேட்டரிக்காரம்மாவக் கூப்பிடுங்க" என்றாள்.

கூப்பிட்டேன். அவருடைய கடைச் சாமானும் பூஜையில்தான் இருந்தது. "வண்டி ஸ்டார்ட் ஆவல, புள்ளைக்கு ஒன்பது மணிக்கு ரயிலும்மா" என்றேன். "விளக்க நிறுத்தலயா?" என்றார். "ஆமா." "அறிவு இருக்குதுங்களாண்ணா?" என்று போனை வைத்தார். பன்னிரண்டே நிமிஷத்தில் மொபெட்டில் வந்து இறங்கினார். பையிலிருந்து வெளியே எடுத்த ஸ்பேனரில் குங்குமம் அப்படியே இருந்தது.

"மறுபூஜ ஆவாத சாமானத்த எடுத்தாந்துட்டியா?" என்றாள் அக்கா, வாயில் கை வைத்து.

"சாமி ஸ்பேனர வெச்சிக்கினு என்னங்க பண்ணப் போவுது?" என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தானாகவே கையைப் பின்னால் கட்டினேன். மாமா கட்டவில்லை. "லாரியக் கொண்டாரட்டுமா?" என்றார்.

"லாரியில ரெண்டு பேட்டரி இருக்குது. காருல ஒண்ணு. ரெண்டு மடங்குக் கரண்ட இதுக்குள்ள உட்டா, உள்ள இருக்கற கம்ப்யூட்டர் எல்லாம் வெந்துரும். அப்பறம் லாரியிலதான் கட்டி இழுத்துக்கினு போவணும். கையப் பின்னால கட்டுங்க!"

மாமாவும் கட்டினார்.

பேட்டரி முழுக்கச் சந்தனம் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. எது பிளஸ், எது மைனஸ் என்று ஒன்றும் தெரியவில்லை. நான் உதவிக்குப் போனேன். "செவப்பு இருக்குது பாருங்கம்மா, அதான் பிளஸ்" என்று காட்டினேன்.

அவர் ஈரத்துணியால் துடைத்தார். சிவப்புக்கு அடியில் மைனஸ் கோடு இருந்தது.

"இது கம்பெனிக்காரன் வெச்ச செவப்பு இல்லீங்கண்ணா, உங்க வூட்டுல வெச்ச குங்குமம். இத நம்பி மாத்திக் குடுத்திருந்தா ரெண்டு வண்டியும் இங்கியே எரிஞ்சிருக்கும். சாமி கும்புட்டீங்களா, வண்டிக்குக் கொள்ளி வெக்க ஏற்பாடு பண்ணீங்களா?"

தெருவே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாக நான் சிரித்தேன். மணி ஏழே முக்கால்.

பேட்டரியின் பக்கம் உப்பியிருக்கிறதா, எங்காவது விரிசல் இருக்கிறதா, ஆசிட் கசிகிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இல்லை என்றதும்தான் கேபிளை எடுத்தார். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடவில்லை என்று குனிந்து பார்த்தார். இரண்டிலும் சாவியை எடுக்கச் சொன்னார். சிவப்பு கிளிப்பை என் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினார், மறுமுனையை வாத்தியார் வண்டியின் பிளஸ்ஸில். கருப்பை வாத்தியார் வண்டியின் மைனஸில். மிச்சம் இருந்த கருப்பு கிளிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் எஞ்சினில் எதையோ தேடினார்.

"அதான் பக்கத்துலயே மைனஸ் இருக்குதே, அதுல மாட்டினா முடிஞ்சிது" என்றார் வாத்தியார். அவருக்குக் கணக்கு இடித்தது.

"கடைசிக் கிளிப்பு மாட்டறப்போ பொறி வருங்க சார். பேட்டரி தலமேல பொறி வரணுமா, தள்ளிப் போயி வரணுமா?" என்றார். பேட்டரியிலிருந்து எட்டத்தில், எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஒரு தடித்த போல்ட்டில் மாட்டினார். சின்னதாக ஒரு பொறி, அதோடு சரி.

வாத்தியார் எஞ்சினைப் போட்டார். அது ஓடியது. நான் என் சீட்டுக்குத் தாவினேன்.

"இறங்குங்க!"

"மணி ஆவுதும்மா."

"பேட்டரி சுத்தமா செத்திருக்குது. பத்து நிமிஷம் கரண்டு குடிக்கணும். இப்பவே திருப்புனா ரெண்டும் படுத்துக்கும். இறங்கி அந்தாண்ட நில்லுங்க. யாரும் கிட்ட வராதீங்க."

பத்து நிமிஷம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. மகள் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், செல்போனில் மணி பார்த்தேன், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன், வாத்தியாரிடமும் ஒருமுறை கேட்டேன்.

அப்போதுதான் அக்கா உள்ளேயிருந்து தட்டோடு வந்தாள். வழியில் தடை வந்துவிட்டதாம், கழிக்க வேண்டுமாம். தட்டு நிறைய ஆரத்தி, நடுவே கொழுந்துவிட்டு எரிகிற சூடம். யாரையும் கேட்கவில்லை. நேராக வந்து திறந்திருந்த பானெட்டுக்குள் தட்டை நீட்டி, சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரிக்கு ஓரடி மேலே சுற்ற ஆரம்பித்தாள்.

பேட்டரிக்காரம்மா கத்தவில்லை. கத்த நேரமில்லை. ஒரே அடி. தட்டு பறந்துபோய்ச் சாக்கடை ஓரத்தில் விழுந்தது. சூடம் தரையில் கிடந்து எரிந்தது. ஆரத்தித் தண்ணீர் அக்காவின் பட்டுப்புடவையில் சிவப்பாக வழிந்தது. அக்காவின் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, அவர் குறுக்கே நின்றார்.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா சாமித் தட்டத் தட்டி உடறியே, நீ வெளங்குவியா? புருசன் கண்ணத் தின்னது பத்தலயா உனுக்கு? எங்க வூட்டுப் புள்ள கடல் தாண்டிப் போவுது. அதையும் தின்னணுமா?"

பேட்டரிக்காரம்மா அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடிக்குள்ளிருந்து நேராக என்னை. நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். சும்மா கேட்டால் எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவன் நான். சாவு வீட்டில் சிரிக்க வைத்திருக்கிறேன். பேங்க் மேனேஜரை வாயடைக்க வைத்திருக்கிறேன். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா?

மணி பார்த்தேன்.

அக்காவை எதிர்த்துப் பேசினால் அழுது புரளுவாள், ஐந்து நிமிஷம் போகும், ரயில் போகும் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியது. அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. தட்டு விழுந்தது அபசகுனம்தான் என்று நானும் நினைத்தேன். பேட்டரியில் குங்குமம் வைத்த அதே கைதானே இதுவும்.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் பேட்டரிக்காரம்மா. திருப்பினேன். இழுத்தது, இருமியது, பிடித்துக்கொண்டது. மாமா சாமி பேரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா, "பாத்தியா, சாமிதான்" என்றாள். பேட்டரிக்காரம்மா எஞ்சினில் இருந்த கருப்பை முதலில் எடுத்தார், மாட்டிய வரிசைக்குத் தலைகீழாக ஒவ்வொன்றாகக் கழட்டினார், கேபிளைச் சுருட்டினார்.

"எங்கியும் எஞ்சின நிறுத்தாதீங்க. ஸ்டேஷன்லயும் ஓடிக்கினே இருக்கட்டும். ஒருவாட்டி சுத்தமா செத்த பேட்டரி, திரும்பத் தூக்கும்னு நம்ப முடியாது" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மொபெட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

கம்பைநல்லூர் தாண்டியதும் பேச்சை நான்தான் ஆரம்பித்தேன். "பெரியத்த பொடவைய இனிமே செவப்புக் கட்சிக்குத்தான் கொடியாக் குடுக்கணும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா ஒண்ணுமே சொல்லல?" என்றாள் மகள்.

"ரயிலு பாப்பா..."

"ரயிலுக்குத்தான அவங்க வந்தாங்க. சாமான் மறுபூஜகூட ஆவாம எடுத்துக்கினு வந்தாங்க. அந்தச் சூடம் பட்டு வெடிச்சிருந்தா பெரியத்த மூஞ்சி என்ன ஆயிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? நான் வார்டுல பாத்திருக்கன்ப்பா. நீங்க பாத்ததில்ல."

மனைவி முன்சீட்டில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஆரத்தி கரைச்சிக் குடுத்தது நாந்தான்" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

ரயில் வர எட்டு நிமிஷம் இருக்கும்போது ஸ்டேஷனில் போய் நின்றோம். எஞ்சினை நிறுத்த முடியாது. ஓடுகிற வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அதனால் அப்பன்காரன் வண்டியிலேயே உட்கார்ந்தான். முதல் முறையாகக் கடல் தாண்டிப் போகிற மகளை ஏற்றிவிட மனைவி மட்டும் பிளாட்பாரத்துக்குப் போனாள். ஆட்டோக்காரர் ஒருவர் வந்து, "சும்மா நிக்கற வண்டிக்கு எதுக்கு சார் பெட்ரோலு?" என்றார். "அது சும்மா நிக்கல, நான்தான் சும்மா நிக்கறன்" என்றேன்.

மகள் போவதற்கு முன் ஜன்னலில் தலையை நுழைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கோபமாக இருந்தாள்.

"ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடி போன் பண்ணுவன். அதுக்குள்ள நீங்க அவங்ககிட்டப் போயிப் பேசியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, சூட்கேஸை இழுத்துக்கொண்டு போனாள். ரயில் வந்ததும் போனதும் எனக்குச் சத்தமாகத்தான் தெரியும்.

திரும்பி வரும் வழியில் நேராகக் கடைக்குப் போனேன். மனைவி வண்டியில் உட்கார்ந்துகொண்டாள். கணவர் உள்ளே நாற்காலியில் இருந்தார். வாசலில் பேட்டரிக்காரம்மா பூஜைச் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க சார். ரயிலு கெடச்சிதுங்களா?"

சார். ஏழு வருஷமாக அண்ணா.

"கெடச்சிதும்மா. அக்கா பேசினது தப்பு. அத விடத் தப்பு, நான் வாயத் தொறக்காம நின்னது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். நல்லபடியா ஏத்தி உட்டீங்கள்ல, அது போதும்."

சிரித்த முகம். இவரிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியவில்லை. திட்டினால் திருப்பிக் கிண்டல் செய்யத் தெரியும். மரியாதையாகப் பேசினால் என்ன செய்வது? வேறு வழி தெரியாமல் ஒரு பொய்யைச் சொன்னேன்.

"நீங்க சொல்லியும் கேக்காம ஸ்டேஷன்ல எஞ்சின நிறுத்திட்டம்மா. நல்லவேள, திரும்ப எடுத்துக்கிச்சு."

சொல்லிவிட்டு, திட்டு விழட்டும் என்று தலையைக் கொடுத்துக் காத்திருந்தேன். அவர் ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார்.

"பரவால்லீங்க சார்" என்றார். "புது பேட்டரி போட்டுக்கினா நல்லது. அவசரம் இல்ல, உங்க வசதிப்படி வாங்க."

அப்போது பைக்கில் ஒருவன் வந்து இறங்கினான். எங்கோ ஒயரைத் தப்பாகச் செருகியிருக்கிறான் போல. "கண்ணு தெரியிலீங்களா உங்களுக்கு? யாரக் கேட்டு இதத் தொட்டீங்க? தள்ளி நில்லுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் வண்டிக்குள் இருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள். அந்த ஆள் முகம் சுருங்கி நின்றான். அவன்மேல் எனக்கு வந்த பொறாமையை எந்தக் கிண்டலாலும் சொல்ல முடியாது.

சாயந்தரம் மகள் போன் செய்தாள். பின்னால் அறிவிப்புச் சத்தம்.

"பேசினீங்களாப்பா?"

"பேசினன்."

"என்ன சொன்னாங்க? நல்லா திட்டினாங்களா?"

"இல்ல பாப்பா. ஒரு வார்த்தகூடத் திட்டல. நல்லாப் பேசினாங்க. சார்னு கூப்பிட்டாங்க."

அந்தப் பக்கம் அவளுடைய விமானத்துக்குக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப அவ்வளவுதான்ப்பா" என்றாள்.